ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே 2 அங்குலம்தான், எந்த லைட் போடலாம்?

கேள்வி: ஹாலில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போடப்போகிறோம். கூரை ஏற்கெனவே தாழ்வு, அதனால் கான்கிரீட்டுக்கும் போர்டுக்கும் நடுவே 2 அங்குலம்தான் கிடைக்கும் என்கிறார் வேலைக்காரர். எனக்குப் பிடித்த சிஓபி லைட்டின் (பல எல்இடி சிப்கள் ஒரே இடத்தில் நெருக்கமாக இருக்கும் லைட்) உயரமே 3 அங்குலம். என்ன செய்வது?

பதில்: அந்த லைட்டை விட்டுவிடுங்கள். அதன் பின்னால் இருக்கும் சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்க்தான் இடத்தை அடைக்கிறது. ஸ்லிம் பேனல் வாங்குங்கள், எல்இடி விளிம்பில் இருப்பதால் தடிமன் குறைவு. ஆனால் தடிமனை மட்டும் பார்க்காதீர்கள், இரண்டு பக்கமும் இருக்கும் ஸ்பிரிங் கிளிப்பை மேலே மடக்கித்தான் துளைக்குள் விட வேண்டும், அந்த உயரத்தைக் கடையிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

பதில்: டிரைவரையும் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சின்னப் பெட்டி) பாருங்கள். துளை வழியாக நுழைய வேண்டும், பேனலின் முதுகில் உட்காராமல் பக்கத்தில் தள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் சூட்டில் அதுதான் முதலில் போகும். அப்புறம், போர்டு ஏறுவதற்கு முன்பே போர்டைத் தாங்கும் ஜிஐ சானல் (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) ஓடும் இடங்களைப் போட்டோ எடுத்து வையுங்கள், துளை போடும்போது அதில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்: சரி, ஒரு மூலையில் பீம் இறங்குகிறது, அங்கே 1 அங்குலம்கூட இல்லையே?

பதில்: அங்கே துளையே வேண்டாம், போர்டுக்கு வெளியே கீழ்ப்பக்கத்தில் மாட்டும் சர்ஃபேஸ் பேனல் போடுங்கள். ஒயர் வர சின்ன ஓட்டை போதும்.