மலையேற்றக் கட்டணம் எந்தக் கணக்கில் சேர்கிறது? பொறுப்பான துறை எது?

அல்சூர் நடையர்:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூருவில் அல்சூர் ஏரிக்கு அருகில் வசிக்கிறேன். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகளை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகருக்கு வெளியே உள்ள குன்றுகளுக்கு அழைத்துச் செல்வதை நாங்கள் நால்வர் மூன்று ஆண்டுகளாகச் செய்து வருகிறோம். தெருவில் விளையாட இடமில்லாத பிள்ளைகள் பாறையில் கை பதித்து ஏறும்போது அவர்கள் முகத்தில் வரும் மாற்றத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்த ஒரு நாளின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

சென்ற மாதம் பதினான்கு பிள்ளைகளுக்கும் முன்பதிவு செய்து, கட்டணத்தையும் முழுமையாகச் செலுத்திவிட்டுத்தான் சென்றோம். அடிவாரத்தில் கழிப்பறை இருந்தது. அதன் சுவரில் திறப்பு விழாக் கல்வெட்டு பளபளத்தது. கதவிலோ துருப்பிடித்த பூட்டு தொங்கியது. சாவி ஊருக்குள் ஒருவரிடம் இருப்பதாகவும், அவர் திருமணத்துக்குச் சென்றிருப்பதாகவும் வாயிலில் இருந்தவர் சொன்னார். எங்களோடு வந்த பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு இரண்டு தோழிகள் துப்பட்டாவை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்ட வேண்டியதாயிற்று. திரும்பும் வழி முழுவதும் அவள் யாரிடமும் பேசவில்லை.

அன்றிலிருந்து மூன்று கேள்விகள் என்னை விடாமல் துரத்துகின்றன. திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கு கர்நாடக அரசில் பொறுப்பேற்கும் துறை எது? நாம் செலுத்தும் கட்டணம் அந்த மலைக்கே திரும்புகிறதா? எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சலுகை கேட்டு யாருக்கு மனு எழுத வேண்டும்?

தங்கவயல் மைந்தன்:

அரசுக் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் முதல் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் இல்லை, சிக்கலே அதுதான். கப்பன் பூங்காவும் லால்பாக்கும் தோட்டக்கலைத் துறையிடம் இருக்கின்றன. அவற்றின் நிலத்தைக் காப்பதற்கென்றே 1975ஆம் ஆண்டின் அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பேட்டைப் பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் மாநகராட்சியைச் சேர்ந்தவை; அவற்றுக்கு 1985ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. காட்டு மலைகள் வனத் துறையுடையவை. பாறையேற்றம் போன்ற சாகசப் பயிற்சிகளை நடத்தும் ஜெனரல் திம்மையா நிறுவனமோ இளைஞர் நலம், விளையாட்டுத் துறையின் கீழ் வருகிறது. விடுதிகள் தொடர்பானவற்றைச் சுற்றுலாத் துறை பார்க்கிறது. வரவு செலவுத் திட்டத்தில் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி மானியக் கோரிக்கை, அதாவது தன் செலவுக்குச் சட்டமன்றத்திடம் பணம் கேட்கும் பட்டியல், இருப்பதால், 'மக்கள் வெளியில் நடமாடுவதற்கு இந்த ஆண்டு இவ்வளவு' என்று ஒரே இடத்தில் படித்துவிட முடியாது. எவரும் மொத்தமாகக் கணக்குச் சொல்ல வேண்டிய நிலையில் இல்லாததால்தான், கட்டி முடித்த கழிப்பறையைத் திறந்து வைக்கும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குவது எவருடைய வேலையும் இல்லாமல் போகிறது.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. அரசமைப்பின் 266ஆவது பிரிவின்படி, அரசுக்கு வரும் வருவாய் மாநிலத்தின் தொகுப்பு நிதி என்ற பொதுக் கருவூலக் கணக்கில் சேர வேண்டும். சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. ஆகவே ஒரு துறை நேரடியாக வசூலிக்கும் கட்டணம், வசூலான இடத்திலேயே தங்கிவிடாது. இதற்கு மாற்று வழி இருப்பதற்குப் புலிக் காப்பகங்களே சான்று. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி காப்பகம்தோறும் ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டு, வாயில் கட்டணத்தை அங்கேயே செலவிட வழி செய்யப்பட்டது. புலி இல்லாத சாதாரணக் குன்றுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. 2013இல் தொடங்கப்பட்ட சூழல் சுற்றுலா வளர்ச்சி வாரியம் போன்ற அமைப்புகள் வசூலிக்கும் பணத்துக்குத் தனிக் கணக்கு இருக்கும். எனவே உங்கள் ரசீதில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். விசாரணையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சேலத்துக்காரன், ஒயிட்ஃபீல்டு:

முன்பதிவு முறை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜனவரியில், குடியரசு நாள் விடுமுறையில் கர்நாடகத்தின் குமார பர்வத மலையில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்ற காட்சியை நாம் எல்லோரும் பார்த்தோம். அதன் பிறகே ஒரு பாதைக்கு ஒரு நாளில் 300 பேர் என்ற வரம்பும், அதே ஆண்டு அக்டோபரில் முன்பதிவுக்கென 'அரண்ய விஹாரா' என்ற ஒரே இணையதளமும் வந்தன. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். தமிழ்நாட்டில் 2018 குரங்கணி காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு தொடங்கியபோது, பழங்குடியினரும் மலையோரக் கிராமத்து இளைஞர்களும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றார்கள். கட்டணத்தின் பலன் உள்ளூருக்குச் சேருவது அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கட்டணம் கூடுதல். உங்கள் பதினான்கு பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வது எளிதல்ல.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றையும் சொல்கிறேன். அமெரிக்காவின் கொலராடோ மாநில மக்கள் 1992இல் வாக்களித்து, லாட்டரி வருவாயைப் பூங்காக்களுக்கும் நடைபாதைகளுக்கும் காட்டுயிர்களுக்கும் என்று அரசமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். கர்நாடகத்தில் 2007 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. அந்தத் தடை நீடிப்பதே ஏழை வீடுகளுக்கு நல்லது. வருவாயின் ஒரு பங்கை வேறெதற்கும் திருப்பிவிட முடியாதபடி சட்டத்திலேயே கட்டிவைக்கும் முறையை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

ஜெயநகர் வாசகி:

நடையர் அவர்களே, அந்தச் சிறுமிக்கு நேர்ந்ததை நினைத்து மனம் கனக்கிறது. இருந்தாலும் நிதி கேட்கும்போது எதற்கென்று தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021இல் நம் நகரின் தெற்கே உள்ள துரஹள்ளிக் காட்டில் மரப்பூங்கா அமைக்கும் திட்டம் வந்தபோது, சுற்றுவட்டாரத்து மக்கள் அதை எதிர்த்து நின்றோம். காடு காடாகவே இருக்கட்டும், அலங்கார வளைவும் சிமெண்ட் நடைபாதையும் வேண்டாம் என்பதே எங்கள் கோரிக்கை. பொழுதுபோக்குக்கு நிதி என்றாலே கட்டுமானம் என்று பொருள் கொள்வது அரசு அலுவலகங்களுக்குக் கைவந்த பழக்கம். ராமநகரத்தின் ராமதேவர் மலை 2012இல் பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே மனிதர் எண்ணிக்கை குறைவாக இருப்பதே பறவைக்கு நாம் செய்யும் உதவி. ஆகவே கழிப்பறைக்கு ஆள், குடிநீர், வழிகாட்டிக்கு ஊதியம், முதலுதவி ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். கட்டடம் கேட்காதீர்கள், கட்டடம் ஏற்கெனவே பூட்டிக் கிடக்கிறது.

சலுகைக்கு ஒரு வழி தோன்றுகிறது. தனிநபர்களாகக் கேட்பதைவிட, பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர் கடிதத்தோடு இயற்கைக் கல்வி முகாம் என்று கேட்டால் வனத் துறையினர் காதுகொடுத்துக் கேட்பார்கள். என் தங்கையின் பள்ளி அப்படித்தான் அனுமதி பெற்றது.

அல்சூர் நடையர்:

மூவருக்கும் நன்றி. தங்கவயல் ஐயா சொன்னபடி ரசீதை எடுத்துப் பார்த்தேன். வசூலித்த அமைப்பின் பெயர் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த அமைப்புக்கே மனு எழுதுகிறேன். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே பொருள்தான், அதுவும் 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்பதால், அந்த ஒரு பாதையில் ஓராண்டில் வசூலான தொகையையும் அங்கேயே செலவான தொகையையும் மட்டும் கேட்கிறேன். சலுகைக்குத் தலைமையாசிரியரை நாளை பார்க்கிறேன். மனுவைக் கன்னடத்தில் எழுதிவிட்டேன். ஜெயநகர் சகோதரி ஒருமுறை படித்துப் பிழை திருத்தித் தந்தால், திங்கட்கிழமை பத்து ரூபாய் அஞ்சல் ஆணையோடு அனுப்பிவிடுவேன்.