கண்ணாடிக்குப் ‘பரப்புத் தயாரிப்பு’ பொருந்தாது, ‘பரப்புப் பண்படுத்தல்’ என்று வைக்கலாம்

கண்ணாடியின் மேல் மெல்லிய படலம் ஏற்றுவதற்கு முன் அதன் பரப்பை ஆயத்தமாக்கும் வேலையை ஆங்கிலத்தில் சர்ஃபேஸ் பிரிபரேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழில் இதுவரை முன்மொழிந்த ‘தயாரிப்பு’, ‘பதப்படுத்தல்’, ‘துப்புரவு’ மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘தயாரிப்பு’ என்றால் பொருளையே உருவாக்குவது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘பதப்படுத்தல்’ தோலுக்கும் மீனுக்கும் போய்விட்டது. ‘துப்புரவு’ நல்ல சொல், ஆனால் நடக்கும் வேலையில் ஒரு பகுதியைத்தான் சொல்கிறது.

கண்ணாடி மேல் ஏற்றும் இண்டியம் டின் ஆக்சைடு படலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒளியை ஊடுருவ விட்டு மின்சாரத்தையும் கடத்தும் பூச்சு அது. பெரும்பாலும் 100, 150 நானோமீட்டர் தடிமன்தான். ஒரு மைக்ரான் தூசியே அதைவிடப் பல மடங்கு பெரிது, படலம் அதன் மேல் படிந்து பிறகு தூசி உதிர்ந்தால் அங்கே ஊசித்துளை விழும். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் படலம் சரியாகப் பிடிக்காது, ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்தால் கையோடு வந்துவிடும். சோப்புக் கரைசல், மீயொலித் தொட்டி, அயனி நீக்கிய நீர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எல்லாம் இதற்குத்தான். இதுவரை துப்புரவு என்றே சொல்லலாம், சரி.

சோடியத்தை என்ன செய்வது? சாதாரண சோடா சுண்ணக் கண்ணாடியின் எடையில் சுமார் 13 சதவீதம் சோடியம் ஆக்சைடு. அது மேலே ஒட்டிய அழுக்கு இல்லை, எவ்வளவு கழுவினாலும் உள்ளே இருந்துகொண்டேதான் இருக்கும், சூடேற்றும்போது மெல்ல மேலேறிப் படலத்துக்குள் புகுந்து அதன் கடத்துதிறனைக் கெடுக்கும். அதனால்தான் முதலில் சிலிக்காவில் ஒரு தடுப்புப் படலம் போடுகிறார்கள். மிதவைக் கண்ணாடி என்றால் இன்னொரு வேலையும் உண்டு. உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து உருவானதால் அதன் ஒரு முகத்தில் வெள்ளீயம் ஏறியிருக்கும். வெறும் கண்ணுக்கு இரண்டு முகமும் ஒன்றுபோலத்தான் தெரியும், 254 நானோமீட்டர் புறஊதா விளக்கைக் காட்டினால் வெள்ளீய முகம் மட்டும் பால்போல மங்கலாக ஒளிரும். எந்த முகத்தில் படலம் ஏற்றுவது என்று பார்த்து எடுப்பதையும் துப்புரவுக்குள் அடக்க முடியுமா?

அப்புறம் ஓசோன் அல்லது ஆக்சிஜன் பிளாஸ்மா (அயனியாக்கிய ஆக்சிஜன் வாயு) கொண்டு பரப்பைத் தாக்குவது. மிச்சமிருக்கும் கரிமப் பிசுக்கை எரித்துவிடுவதோடு, படிய வரும் ஆக்சைடை நன்றாகப் பற்றிக்கொள்ளும் நிலைக்கும் பரப்பைக் கொண்டுவரும். முன்னும் பின்னும் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முன்பு முத்தாகத் திரண்டு நின்ற நீர், பின்பு தொடுகோணம் (சொட்டின் விளிம்பு பரப்போடு ஆக்கும் கோணம்) சில பாகைக்கு இறங்கி எங்கும் அறுபடாமல் படர்ந்துவிடும். ஆனால் காற்றில் விட்டுவைத்தால் பரப்பு மறுபடி கரிமங்களைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே தாமதிக்காமல் படலம் ஏற்றிவிட வேண்டும்.

இத்தனையையும் ஒரே பெயரில் சொல்லத்தான் ‘பரப்புப் பண்படுத்தல்’ என்கிறேன். விதைப்பதற்கு முன் நிலத்தைப் பண்படுத்துகிறோம், களை எடுப்பது அதில் ஒரு பகுதி மட்டுமே. வினையாகவும் தடையில்லாமல் வருகிறது: ‘பண்படுத்தாத பரப்பு’, ‘பண்படுத்திய உடனே ஏற்ற வேண்டும்’. துப்புரவு, தடுப்புப் படலமிடல், செயலூட்டல் (ஓசோன், பிளாஸ்மாவால் பரப்பைப் பற்றும் நிலைக்குக் கொண்டுவருவது, ஆங்கிலத்தில் ஆக்டிவேஷன்) மூன்றும் இதன் உட்பிரிவுகளாக இருக்கட்டும். ஆக்டிவேஷனுக்குச் சிலர் எழுதும் ‘கிளர்வூட்டல்’ இங்கே வேண்டாம், எலக்ட்ரான் உயர் ஆற்றல் நிலைக்குப் போவதற்கு இயற்பியலில் அதை ஏற்கெனவே புழங்குகிறோம். ‘செயலூட்டல்’ மருந்தியலில் வேறு எதற்காவது நிலைபெற்றிருந்தால் மட்டும் சொல்லுங்கள், மாற்றிக்கொள்வோம்.