'பாங்க்' என்ட சொல்லை விளங்கப்படுத்த உதவி வேணும்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில பின்னேரத்தில பத்தாம் தரப் பிள்ளையளுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிறன். போன கிழமை ஒரு பிள்ளை கேட்டா: “சேர், இரணைமடு இடதுகரை வாய்க்காலின்ர கரைக்கும் காசு போடுற இடத்துக்கும் ஏன் ஒரே 'பாங்க்'?”

நல்ல கேள்வி. தேடினன். கரை என்ட பொருள் ஸ்கண்டிநேவியப் பக்கத்தால வந்தது. காசு பாங்க் இத்தாலிய 'பாங்கா', காசு மாத்துறவை வைச்சிருந்த வாங்கு. ரெண்டுக்கும் அடிவேர் ஜெர்மானியம். இரத்த வங்கியை அப்பிடிச் சொல்லத் தொடங்கினது 1937இல சிகாகோவில.

எனக்குப் பெரிய சந்தோசம் வேற. பிள்ளையள் இருக்கிற 'வாங்கு' போர்த்துக்கேய 'பாங்கோ'வில இருந்து வந்தது, பாங்க்குக்குச் சொந்தக்காரன்! கதிரையும் 'செயாரும்' அப்பிடித்தான், ரெண்டும் இலத்தீன் 'கதெட்ரா'வின்ர பிள்ளையள்.

இப்பிடி எங்கட வீட்டுச் சொல்லும் இங்கிலிஷ் சொல்லும் உறவான வேற சோடியள் தெரிஞ்சால் எழுதுங்கோ. விமானம் ஒரு பக்கம் சரிஞ்சு திரும்புறதையும் 'பாங்க்' என்கினம். அதை வயல், குளத்து உதாரணத்தோட எப்பிடிச் சொல்லலாம்? குளக்கட்டின்ர சரிவுக்கு உங்கட ஊர்ப் பெரியாக்கள் என்ன சொல்லுவினம்? வாற புதன் வகுப்புக்கு வேணும்.