ஏ.எல்லில மெத்ஸ் இல்லாம மெனேஜ்மென்ட் வந்தாச்சு, கணக்கை எங்கேருந்து பிடிக்கிறது?

களுவாஞ்சிப் பொடியன்:
அண்ணாமார் அக்காமார் ஒரு உதவி. நான் மெனேஜ்மென்ட் முதலாம் வருசம், வந்தாறுமூலையில போர்டிங். கொமர்ஸ்ல இக்கோன், எக்கவுண்டிங், பிஸ்னஸ் ஸ்டடீஸ் செஞ்சு வந்த ஆள், கணக்கெண்டு கடைசியாப் படிச்சது ஓ.எல்லுக்குத்தான். இப்ப சார்பு (ஃபங்ஷன்), வகையீடு (டிஃபரன்ஷியேஷன்) எண்டு பாடம் ஓடுது, நானும் சுட்டியை முன்னுக்குக் கொண்டுவந்து ஒண்டைக் கழிச்சு விடை எடுக்கிறன், ஆனா அந்த விடை எதைச் சொல்லுது எண்டு கேட்டா வாய் திறக்க ஏலாது. இன்னொரு குழப்பம் கேள்வி வளையி, டிமான்ட் கேர்வ். அளவு = 100 − 2 × விலை எண்டு சமன்பாடு தந்தா விலைதானே கிடை அச்சில வரணும்? இக்கோன்ல ஏன் அதை நிமிர்த்திப் போடுறம்? படித்திறன் (கோட்டிட சரிவு) கேட்டா −2 எண்டு எழுதுறதா வேற ஏதுமா?

கல்லடி அக்கா:
தம்பி, அச்சுக் கதையை முதல் முடிப்பம். அது இக்கோன்காரர்ட பழைய பழக்கம், அவ்வளவுதான். கூர்னோ எண்ட பிரெஞ்சுக்காரர் 1838ல கேள்வியைச் சார்பா எழுதக்குள்ள விலையைக் கிடை அச்சிலதான் போட்டவர். பிறகு 1890ல மார்ஷல் எண்ட இங்கிலாந்துக்காரர் எழுதின புத்தகம் எல்லா இடமும் பாடமாப் போச்சு, அவர் விலையை நிமிர்ந்த அச்சில போட்டவர், நாமளும் இண்டைக்கு வரைக்கும் அப்பிடியே கீறுறம். இத்தனைக்கும் அந்த மனிசன் கேம்பிரிட்ஜில கணக்குப் படிச்சவர்!
படம் கீறச் சொன்னா சமன்பாட்டைத் திருப்பி எழுது, விலை = 50 − 0.5 × அளவு, படத்திட படித்திறன் −0.5. நெகிழ்ச்சி (விலை ஒரு வீதம் மாறினா அளவு எத்தினை வீதம் மாறும் எண்டது) கேட்டா மட்டும் −2ஐ எடுக்கணும், ஏனெண்டா விலை ஒரு ரூபா மாறினா அளவு எவ்வளவு மாறும் எண்டதுதான் அங்க வேணும். விலை 20 எண்டா அளவு 60, அப்ப −2 × 20 ÷ 60, அதாவது −0.67 அளவில. குறியை விட்டுப் பாத்தா ஒண்டுக்குக் குறைவு, அதால நெகிழ்ச்சி குறைஞ்ச கேள்வி, ஏ.எல்லில படிச்ச அதேதான். இதில −0.5ஐப் போட்டுப் புள்ளியை விடுற பிள்ளையள் கனபேர்.

மருதமுனை நானா:
தம்பி வகையீட்டை விதியில தொடங்காதீங்க, உங்களுக்கு எல்லைச் செலவு எல்லை வருமானம் (ஒண்டு கூடச் செஞ்சா ஏறுற செலவு, ஒண்டு கூட வித்தா ஏறுற வருமானம்) தெரியும்தானே, அதுதான் வகையீடு. எங்கட ஊர்க் கணக்கே சொல்றன் (எண்கள் சும்மா எடுத்தது, நெசவுக்காரர் சண்டைக்கு வரப்படாது). கிழமைக்கு விக்கிற சாரன் கூடக்கூட விலை இறங்கும், விலை = 3000 − 10 × சாரன். செலவு 20000 நிலையானது, அதுக்கு மேல சாரனுக்கு 1000. மொத்த வருமானம் 3000 × சாரன் − 10 × சாரனின் வர்க்கம், அதை வகையிட்டா 3000 − 20 × சாரன், இதுதான் எல்லை வருமானம். எல்லைச் செலவு 1000. ரெண்டையும் சமப்படுத்துங்க, 100 சாரன், விலை 2000, இலாபம் 80000.
இப்ப விதியை மறந்துட்டு 99க்கும் 101க்கும் கையால போட்டுப் பாருங்க. ரெண்டிலையும் 79990 வரும். உச்சியில நிண்டு எந்தப் பக்கம் கால வச்சாலும் இறக்கம்தான், வகையீடு பூச்சியம் எண்டு சொல்றது அதைத்தான்.

அக்கரைப்பத்தான்:
எனக்கெண்டா வகையீட்டை விட வட்டிக் கணக்கில தொடங்கிறதுதான் சரி, கையில காசோட விளங்கும். ஒரு லட்சம் லோன், வருசத்துக்கு 12 வீதம் பிளட் ரேட் (கடைசி வரைக்கும் முழுத் தொகைக்கே வட்டி), 12 மாசம் எண்டு சொல்லுவாங்க. வட்டி 12000, மாசம் 9333 ரூபாவும் சொச்சமும். கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா மாசாமாசம் முதலும் குறைஞ்சுகொண்டு போகுதே, ஒரு லட்சம் முழுசா உங்கட கையில இருந்தது முதல் மாசம் மட்டும்தான். குறைந்து செல்லும் மீதிக்குப் போட்டா அது வருசத்துக்கு 21.5 வீதத்துக்குக் கிட்ட வரும். இந்த அத்திவாரம் பதினோராம் ஆண்டுப் புத்தகத்திலயே இருக்கு, கூட்டு வட்டி, பங்குச் சந்தை எல்லாம், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்திட சைட்ல தமிழ் மீடியம் பிடிஎஃப் சும்மா எடுக்கலாம். மடக்கையையும் அதோட தூசு தட்டுங்க. 12 வீதக் கூட்டு வட்டிக்குக் காசு ரெட்டிப்பாக எவ்வளவு காலம் எண்டா 2ட மடக்கையை 1.12ட மடக்கையால பிரிக்கணும், 6.1 வருசம். 72ஐ வட்டி வீதத்தால, அதாவது 12ஆல பிரிச்சா 6, அவசரத்துக்கு அது காணும்.

கல்லடி அக்கா:
ஓம், அந்தப் புத்தகம் நல்லம். ஒருங்கமை சமன்பாடும் இருபடியும் கை பழகாட்டி வகையீடு விளங்கியும் பிரயோசனமில்ல, சமப்படுத்தின பிறகு சுருக்கத் தெரியாமத்தான் முக்கால்வாசிப் பேர் நிக்கிறது. கேள்வி நிரம்பல் (டிமான்ட் சப்ளை) சமநிலைக் கணக்கெல்லாம் அந்த ஒருங்கமை சமன்பாடுதானே.

களுவாஞ்சிப் பொடியன்:
99க்கும் 101க்கும் போட்டுப் பாத்தன் நானா, அப்பிடியே வருது, இப்பதான் கொஞ்சம் வெளிச்சம். ஆனா ஒரு டவுட். வகையிடக்குள்ள அந்த 20000 காணாமப் போகுதே? தறி வாடகை ஏறி அது 50000 ஆகினா விலையைக் கூட்டத் தேவையில்லையா?

மருதமுனை நானா:
தேவையில்ல. அப்பவும் 100 சாரன், 2000 ரூபாதான், இலாபம் மட்டும் 50000க்கு இறங்கும். விலையைக் கூட்டினா விக்கிறது குறைஞ்சு இன்னும் கீழதான் போகும். சந்தேகமெண்டா 2100 போட்டுப் பாருங்க, 90 சாரன்தான் போகும், இலாபம் 49000. நிலையான செலவு ஒரு லட்சத்தைத் தாண்டினாத்தான் வேற கதை, அப்ப 100 சாரன் வித்தும் நட்டம், கனகாலத்துக்குத் தறியை ஓட்டுறதா நிப்பாட்டுறதா எண்டு யோசிக்கணும்.

கல்லடி அக்கா:
தம்பி சோதனையில இந்தக் கணக்கு வந்தா இலாபத்திட ரெண்டாம் வகையீடு (வகையிட்டதைத் திரும்ப வகையிட்டது) −20, மறை, அதால உச்சம் எண்டு ஒரு வரி எழுதிட்டு வா. அது இல்லாட்டி உச்சமா இழிவா எண்டு நீ காட்டல்ல எண்டு புள்ளியை வெட்டிடுவாங்க.