ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்திருக்குறவங்களுக்கு: வேலையும் ஊருக்குச் செய்றதும் முதல் செமஸ்டர்லயே ஆரம்பிக்குது

இந்த செமஸ்டருக்கு புதுசா வந்து இறங்கியிருக்குற தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) எப்படி பண்றது, இன்சூரன்ஸ் எது எடுக்குறது, பொன்னி அரிசி எங்க கிடைக்கும்னு ஏற்கனவே நிறைய பேர் எழுதிட்டாங்க, அதுக்குள்ள நான் போகல. நான் இங்கயே படிச்சு இங்கயே வேலைக்குப் போனவன், எனக்கப்புறம் வந்த பல ஜூனியருங்கள பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். முதல்ல படிப்ப முடிப்போம், அப்புறம் வேலைய யோசிப்போம், அதுவும் செட்டில் ஆனப்புறம் ஊருக்கு ஏதாவது செய்வோம்னு வரிசை கட்டி வச்சிருக்கவங்களுக்கு கடைசி ரெண்டும் தள்ளிப் போயிட்டே இருக்கு. அதனாலதான் இத எழுதுறேன்.

மொதல்ல பணத்த பேசிடலாம், ஏன்னா பாதி முடிவ அதுதான் எடுக்குது. ப்ளாக்டு அக்கவுண்ட்ல (விசாவுக்காக மொத்தமா போட்டு மாசா மாசம் எடுக்குற கணக்கு) 11,904 யூரோ போட்டுட்டு வந்திருப்பீங்க, மாசம் 992 யூரோ கைக்கு வரும், மியூனிக் மாதிரி ஊர்ல இருந்தா அதுல பெரும்பகுதி ரூம் வாடகைக்கே போயிடும். ஊர்ல வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருக்கு, அப்பா போன்ல ஒண்ணும் கேக்க மாட்டாரு ஆனா கேக்காம இருக்குறதே நமக்கு பாரமா இருக்கும். அதனால கிடைச்ச வேர்ஹவுஸ் வேலைக்கு உடனே ஓடுறாங்க. அதுல கேவலம் எதுவும் இல்ல, உழைச்ச காசு. ஆனா ஒண்ண கணக்கு போட்டுப் பாருங்க. வருஷத்துக்கு 140 முழு நாள், இல்லன்னா 280 அரை நாள்தான் நமக்கு வேலை பாக்க அனுமதி, யூனிவர்சிட்டிக்குள்ளயே பாக்குற ஹிவி (மாணவர் உதவியாளர்) வேலை மட்டும் இந்தக் கணக்குல வராது. 2026-ல குறைந்தபட்ச கூலி மணிக்கு 13.90 யூரோ, வாரம் 20 மணி நேரம் பாத்தா மாசம் சுமார் 1,200 யூரோ வரும், அது பெட்டி தூக்கினாலும் வரும், ஒரு கம்பெனில வெர்க்ஸ்டூடண்ட்டா (படிச்சுக்கிட்டே பகுதி நேரமா வேலை பாக்குற மாணவரா) உக்காந்தாலும் குறைஞ்சது அதே வரும். கைக்கு வர்ற காசுல பெரிய வித்தியாசம் இல்ல, ரெண்டு வருஷம் கழிச்சு சிவி-ல (வேலைக்கு அனுப்புற பயோடேட்டா) எழுதுறப்போதான் வித்தியாசம் தெரியும். அவசரத்துக்கு மூணு நாலு மாசம் எந்த வேலை வேணா பாருங்க, ஆனா ரெண்டாவது செமஸ்டர் முடியுறதுக்குள்ள உங்க படிப்புக்குச் சம்பந்தப்பட்ட இடத்துக்கு மாறிடுங்க.

அடுத்தது ஜெர்மன். கோர்ஸ் இங்கிலீஷ்ல இருக்கு, ஆபீஸ்லயும் இங்கிலீஷ்தானேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க ப்ளீஸ். ஐடி தவிர மத்த இடத்துல மீட்டிங் ஜெர்மன்ல ஓடுது, கஸ்டமர் ஜெர்மன்ல பேசுறாரு, மதிய சாப்பாட்டு மேசைல நடக்குற பேச்சுலதான் யார எந்த ப்ராஜெக்ட்ல போடலாம்னு முடிவாகுது. யூனிவர்சிட்டி மொழி மையத்துல மாணவர்களுக்கு ரொம்ப கம்மி காசுல, சில இடத்துல இலவசமாவே கிளாஸ் இருக்கும், ஊருக்கு ஊரு பெரியவங்களுக்கு கிளாஸ் எடுக்குற ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூல இருக்கு. பி1-ங்கிற ஜெர்மன் லெவல முடிச்சா வேலைக்கு மட்டும் இல்ல, இங்க டிகிரி வாங்கினவங்களுக்கு ரெண்டு வருஷ வேலையும் 24 மாச பென்ஷன் கட்டணமும் இருந்தா நிரந்தரமா தங்குற அனுமதி கேக்குறதுக்கும் அந்த பி1 தான் வேணும். படிப்பு முடிஞ்சு வேலை தேட 18 மாசம் கொடுக்குறாங்க, கேக்க நிறைய மாதிரி இருக்கும், ஆனா அப்போதான் மொழிய ஆரம்பிக்கலாம்னு இருந்தவங்களுக்கு அந்த 18 மாசம் போதல.

இப்போ இது இன்னும் முக்கியம். நம்ம பசங்கள்ல பாதி பேர் ஆட்டோமோட்டிவ்ன்னே வர்றாங்க, ஆனா ஃபோக்ஸ்வாகன்ல மட்டும் 2030-க்குள்ள 35 ஆயிரத்துக்கு மேல வேலைகள குறைக்க 2024 டிசம்பர்ல ஒப்பந்தம் போட்டுட்டாங்க. பயப்படுத்த சொல்லல. ரயில்வே, மின்சார கிரிட், மருத்துவக் கருவின்னு கொஞ்சம் பக்கத்துலயும் பாருங்க, கண்ட்ரோல் சிஸ்டம் தெரிஞ்சவனுக்கு காரும் ஒண்ணுதான் ரயிலும் ஒண்ணுதான்.

சரி, ஊருக்கு என்ன செய்றதுங்கிற பேச்சுக்கு வரேன். இத எடுத்தாலே திரும்பிப் போறியா இல்லயாங்கிற ஒரே கேள்வில வந்து நிக்குது, போனவன் நல்லவன் இருக்குறவன் சுயநலக்காரன்னு ஒரு சண்டை. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. கும்பகோணத்துல பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1949-ல யுனெஸ்கோ ஃபெலோஷிப்ல நம்ம பக்கத்து நாடு நெதர்லாந்துல இருக்குற வாகனிங்கனுக்குத்தான் போனாரு, உருளைக்கிழங்கு மரபியல். அப்புறம் கேம்பிரிட்ஜ்ல டாக்டரேட், அமெரிக்காவுல விஸ்கான்சின்ல ஆராய்ச்சி, அங்கயே இருக்கச் சொல்லி வேலையும் கொடுத்தாங்க, வேண்டாம்னுட்டு 1954-ல திரும்பி கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்துல சேந்தாரு. உருளைக்கிழங்குல கத்துக்கிட்ட மரபியல் நெல்லுக்கும் கோதுமைக்கும் உதவுச்சு. தஞ்சாவூர் ஜே.சி. குமரப்பா கதை வேற மாதிரி. லண்டன்ல பயிற்சி எடுத்து பம்பாய்ல ஆடிட்டரா வசதியா இருந்தவரு, அமெரிக்கா போய் கொலம்பியா யூனிவர்சிட்டில பொது நிதி படிச்சப்போதான் பிரிட்டிஷ் வரி எப்படி இந்தியாவ ஏழையாக்குச்சுன்னு தானே கணக்கு போட்டுப் பாத்தாரு, 1929-ல ஊர் திரும்பி காந்திகிட்ட போனாரு, வாழ்க்கை முழுக்க கிராமத் தொழில்னு இருந்துட்டாரு. ரெண்டு பேர்கிட்டயும் எனக்குப் பிடிச்சது ஒண்ணுதான், கையில ஒரு கேள்வி இருந்துச்சு. அந்தக் கேள்விதான் அவங்க படிப்ப ஊரோட சேத்து வச்சுச்சு, விமான டிக்கெட் இல்ல.

அதனால தீசிஸ் தலைப்பு எடுக்குறப்போ எந்த ப்ரொஃபசர் சீக்கிரம் கையெழுத்து போடுவாங்கன்னு மட்டும் பாக்காதீங்க. தண்ணி சுத்திகரிப்பு, பேட்டரி, மண் உப்பாகுறது, தோல் கழிவுன்னு நம்ம ஊர்ப் பிரச்சனையோட ஒட்டுற ஆராய்ச்சி இங்க எத்தனையோ குரூப்ல நடக்குது, ஃப்ரவுன்ஹோஃபர் மாதிரி ஆராய்ச்சி நிறுவனத்துல தீசிஸ் பண்ணா கம்பெனிக்காரங்களோடவும் பழக்கம் வரும். நாளைக்கு ராணிப்பேட்டையிலயோ திருப்பூர்லயோ ஒருத்தர் போன் பண்ணி கேட்டா பதில் சொல்ற நிலைமைல நீங்க இருப்பீங்க, நீங்க எந்த நாட்டுல உக்காந்திருந்தாலும்.

இங்கயே இருந்தவங்க என்ன செஞ்சாங்கன்னு பாக்கணும்னா ஈழத்துச் சனங்களப் பாருங்க. 1983-க்கு அப்புறம் அகதியா வந்தவங்க, ஓட்டல்ல பாத்திரம் கழுவி, கிளீனிங் வேலை பாத்து, ஊர் ஊரா வாரக் கடைசில தமிழ் வகுப்பு நடத்தினாங்க, ஹம்ங்கிற ஊர்ல காமாட்சி அம்பாளுக்கு 2002-ல அவ்ளோ பெரிய கோயில கட்டி எழுப்பினாங்க. நம்ம பசங்க அந்தப் பக்கமே போகாம தனிக் கூட்டமா இருக்குறது எனக்கு வருத்தம். பக்கத்துல தமிழ் வகுப்பு இருந்தா போய் அக்கா, அண்ணேன்னு அறிமுகம் பண்ணிக்கோங்க, பிள்ளைங்களுக்கு கணக்கோ கம்ப்யூட்டரோ சொல்லிக் கொடுக்க ஆள் தேவைப்படும்.

இன்னொண்ணு, இதுக்கு காசே வேணாம். வீட்டுல முதல் தலைமுறையா படிக்கிற பசங்களுக்கு உண்மையான தகவல் சொல்லுங்க. பொது யூனிவர்சிட்டில பெரும்பாலும் ஃபீஸ் கிடையாது, பாடன்-வூர்ட்டெம்பெர்க்ல செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் டெக்னிகல் யூனிவர்சிட்டிலயும் இப்போ ஃபீஸ் உண்டு, இது தெரியாம ஏஜெண்ட் பேச்சக் கேட்டு லட்சக்கணக்குல தனியார் கல்லூரில கட்டுற குடும்பங்கள் நிறைய. மத்திய அரசோட தேசிய அயலகக் கல்வி உதவித்தொகை, தமிழ்நாடு அரசோட அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ரெண்டும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு இருக்கு, தகுதி இருக்குற எத்தனையோ பேருக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது. நீங்க படிச்ச காலேஜ் வாட்ஸப் குரூப்ல இன்னிக்கே ஒரு மெசேஜ் போடுங்க. இன்ஸ்டால பனி, ஆல்ப்ஸ் மலைன்னு போடுறதோட வாடகை எவ்ளோ, எத்தனை அப்ளிகேஷனுக்கு அப்புறம் வெர்க்ஸ்டூடண்ட் வேலை கிடைச்சுச்சுன்னும் சேத்துப் போடுங்க, அத நம்பித்தான் அங்க ஒருத்தர் நகைய அடகு வைக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றாங்க.

கேக்கணும்னா எந்த ஊரு, என்ன கோர்ஸ், எத்தனாவது செமஸ்டர், ஜெர்மன் எந்த லெவல்னு போட்டு கீழ கேளுங்க. லோன் எப்போ கட்ட ஆரம்பிக்கணும்னும் சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரிதான் வழி சொல்ல முடியும்.