கடைசிப் பாட்டுக்குப் பின் 10 நிமிட மௌனம்: சிடியை ரிப் செய்யும்போது எப்படி வெட்டுவது?

கேள்வி:
பழைய ராக் சிடிகளை ரிப் செய்து (கணினிக்கு எடுத்து) ஃப்ளாக்காக, அதாவது தரம் குறையாமல் சுருக்கும் ஒலி ஃபைலாக, மாற்றிக்கொண்டிருக்கிறேன். நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' (1991) கடைசி டிராக் 20 நிமிடம் ஓடுகிறது. பாட்டு, சுமார் 10 நிமிட மௌனம், அப்புறம் 'எண்ட்லெஸ், நேம்லெஸ்'. ஷஃபிளில் இது வந்தால் ஸ்பீக்கர் செத்துவிட்டதோ என்று தோன்றும். தரம் கெடாமல் பிரிக்க முடியுமா? குயின்ஸ் ஆஃப் தி ஸ்டோன் ஏஜின் 'சாங்ஸ் ஃபார் தி டெஃப்' (2002) தட்டில் முதல் பாட்டுக்கு முன்னாலேயே ஒன்று ஒளிந்திருக்கிறதாமே, ரிப்பில் அது வரவே இல்லை.

பதில் 1:
முதலில் முழு டிராக்கை அப்படியே ரிப் செய்து அக்யூரேட்ரிப்பில் (மற்றவர்கள் எடுத்த ரிப்போடு ஒப்பிடும் தரவுத்தளம்) சரிபாருங்கள். அது முழு டிராக்குக்கான கணக்கு. வெட்டிய பிறகு பொருந்தாது. அந்த மூல ஃபைலை அழிக்க வேண்டாம், ஃப்ளாக்கில் மௌனம் இடமே பிடிக்காது. (320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் அந்த 10 நிமிட வெறுமைக்கே 24 எம்பி!)

பிறகு அடாசிட்டி என்ற ஒலி எடிட்டர். திறந்ததும் பிரிஃபரன்ஸஸில் குவாலிட்டி பகுதிக்குப் போய் டிதரை (ஃபைலைச் சேமிக்கும்போது சேர்க்கப்படும் மெல்லிய இரைச்சல்) 'நன்' ஆக்குங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: தானாக இருக்கும் அமைப்பில் விட்டால், நீங்கள் தொடாத பகுதியிலும் மெல்லிய இரைச்சல் சேரும். தேர்வுப் பட்டையில் நேரத்தை சிடி ஃபிரேமுக்கு (நொடிக்கு 75) மாற்றி, தேர்வு ஃபிரேம் எல்லையிலேயே ஒட்டும்படி ஸ்னாப்பைப் போடுங்கள். ஒரு ஃபிரேம் 588 சாம்பிள். அந்த எல்லையில் வெட்டினால்தான் பின்னாளில் சிடியில் எழுதும்போது இடையில் வெற்று சாம்பிள் நுழையாது.

முதல் பாட்டு தேய்ந்து மறையும் இடத்தை அலைவடிவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோடு தட்டையாகத் தெரியும், ஹெட்ஃபோனில் பாட்டின் வால் இன்னும் கேட்கும். வால் அடங்கி இரண்டு நொடி விட்டு வெட்டுங்கள்.

இன்னொன்று, 'நெவர்மைண்ட்' முதல் அச்சுகளில் மாஸ்டரிங் தவறால் 'எண்ட்லெஸ், நேம்லெஸ்' பாட்டே விடுபட்டுவிட்டது. அந்தத் தட்டுகளில் தேடிப் பயனில்லை.

பதில் 2:
இரண்டாவது கேள்விக்கு ('சாங்ஸ் ஃபார் தி டெஃப்'): அது இருப்பது ப்ரீகேப் என்ற முன்னிடைவெளியில். டிராக் 1 தொடங்கும் புள்ளிக்கு முன்னால் இருப்பதால் சாதாரண ரிப் அதைத் தாண்டிப் போய்விடும். ஈஏசி என்ற ரிப் மென்பொருளில் டிராக் 1 தொடங்கும் நேரத்தைப் பாருங்கள் (நிமிடம்:நொடி.ஃபிரேம்). 0:00.00 என்றால் ஒன்றும் இல்லை. 0:00.32 மாதிரி அரை நொடிக்கும் குறைவாக இருந்தால் பெரும்பாலும் வெற்று இடைவெளி. ஒரு நிமிடம் போல இருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது. 'காப்பி ரேஞ்ச்' எடுத்து, பூஜ்யத்திலிருந்து டிராக் 1-க்கு முந்தைய ஃபிரேம் வரை கொடுங்கள்.

சில டிரைவ்கள் அந்தப் பகுதியைப் படிக்காமல் வெறும் பூஜ்யத்தைத் திருப்பித் தரும், பிழைச் செய்தியும் வராது. அதனால் எடுத்ததைப் போட்டுக் கேளுங்கள். மௌனமாக இருந்தால் வேறு டிரைவ்தான். இதற்கு அக்யூரேட்ரிப் உதவாது. இருமுறை எடுத்து சிஆர்சி (ஃபைலைச் சரிபார்க்கும் எண்) ஒத்துப்போகிறதா பாருங்கள். உங்கள் தட்டில் நேரம் 0:00.00 காட்டினால் அது வேறு பதிப்பு.

பதில் 3:
நைன் இன்ச் நெயில்ஸின் 'புரோக்கன்' (1992) சிடி இருந்தால் கவனம். பல பதிப்புகளில் 7 முதல் 97 வரை வெற்று டிராக்குகள், பாட்டு 98, 99-இல். வெற்று ஃபைல்களைத் தாராளமாக அழியுங்கள், ஆனால் டேக்கில் (ஃபைலுடன் சேரும் பாட்டு விவரம்) 98, 99-ஐ 7, 8 என்று மாற்றாதீர்கள். அந்த எண்தான் வேடிக்கையே.

பீட்டில்ஸின் 'அபே ரோட்' (1969) கடைசியில் 'ஹெர் மெஜஸ்டி'க்கு முன் வரும் 14 நொடியை மட்டும் யாரும் வெட்ட வேண்டாம். ஆல்பம் முடிந்துவிட்டது என்று நாம் எழப் போகும் அளவுக்கு மட்டுமே அதன் நீளம்.