சவன்னா களப்பணி: கொக்கி முள்ளும் ஊசி முள்ளும்

கொக்கி முள்ளில் சட்டை மாட்டினால் உடனே விலகப் பார்க்காதீர்கள். செனகாலியா மெல்லிஃபெரா என்ற ஆப்பிரிக்க வேல மரத்தின் முள் அடிமரத்தைப் பார்த்து வளைந்திருக்கும். விலக விலக ஆழமாகப் பதியும். மரத்தின் பக்கமாக அரை அடி திரும்பி வந்தால் பிடி தளரும். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றலாம். தென்னாப்பிரிக்காவில் இவ்வகை மரங்களுக்கு ஆப்ரிகான்ஸ் மொழியில் 'கொஞ்சம் பொறு' என்றே பெயர். பின்னல் துணி வேண்டாம், கெட்டியான காடாத் துணி நல்லது.

2005 வியன்னா தாவரவியல் மாநாட்டுக்குப் பிறகு, வேல மரங்களுக்குப் பொதுவாக இருந்த அகேசியா என்ற பேரினப் பெயர் ஆஸ்திரேலிய மரங்களுக்குப் போனது. ஆப்பிரிக்க வேல மரங்கள் பெரும்பாலும் இரண்டு பேரினங்களாகப் பிரிந்தன. ஜோடியான நேர் முள் என்றால் வச்செலியா (நம் கருவேலமும் இதில்தான்), கொக்கி என்றால் செனகாலியா. வச்செலியா டார்டிலிஸில் மட்டும் ஏமாந்துவிட வேண்டாம்: ஒரே கிளையில் இரண்டு முள்ளும் இருக்கும்.

—

வண்டி ஓட்டுபவர்களுக்கு விடத்தேரைதான் பெரிய தொல்லை. நம் ஊர்க் காட்டில் நிற்கும் அதே செடி. அதன் முள் உண்மையில் கூர்மையாக முடியும் குட்டிக் கிளை, வைரம் பாய்ந்த கட்டை. காய்ந்து தரையில் கிடந்தாலும் டயரைத் துளைக்கும், மெல்லிய பூட்ஸ் அடியையும் துளைக்கும். ட்யூபுக்கு ஒட்டுப் போட்டு அவசரமாக மாட்டினால் மறுபடி பஞ்சர்தான், ஏனென்றால் ஒடிந்த நுனி டயருக்குள்ளேயே இருக்கும். டயரின் உள்பக்கத்தைத் துணியால் சுற்றித் தடவுங்கள். துணி மாட்டும் இடத்தில் நுனி இருக்கும். வெறும் விரலால் தடவவே கூடாது. மேய்ச்சல் மிகுந்த நிலத்தில் இது புதராக அடைத்துக்கொள்ளும், அங்கே ஸ்டெப்னி இரண்டு எடுத்துப் போங்கள்.

—

கென்யாவின் லைக்கிப்பியா கரிசல் மண்ணில் வச்செலியா டிரெபனோலோபியம் என்ற வேல மரம் நிற்கும். முள்ளின் அடி உருண்டையாகப் பருத்திருக்கும், உள்ளே எறும்பு. கிளை அசைந்தால் கூட்டமாக இறங்கிவிடும். அடிமரச் சுற்றளவு எடுக்கும்போது கிளையைத் தொடாமல் குனிந்து டேப்பைச் சுற்றுங்கள். கால்சட்டை நுனி காலுறைக்குள் இருக்கட்டும்.

—

ஒன்று சேர்க்கிறேன். மூட்டில் முள் ஏறி நுனி ஒடிந்தால், புண் ஆறினாலும் விடாதீர்கள். சில வாரம் கழித்து மூட்டு வீங்கலாம். மர முள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்ட் கேளுங்கள். டெட்டனஸ் ஊசி கிளம்பும் முன்பே போட்டிருக்க வேண்டும்.